பதினொரு சட்டி ரொட்டி

மாவட்டச் சிறை, கென்டக்கி
9 அக்டோபர் 2018

அன்புள்ள கார்லன் அண்ணா,

இது ஏழாவது கடிதம். முதல் ஆறுக்கும் நீ பதில் போடவில்லை. கிழித்துப் போட்டாயோ, படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாயோ, தெரியவில்லை. இதையாவது கடைசிவரை படி.

நாளை மறுநாள் ஹேஸலுக்கு ஒரு வயது. ஏழு மாதமாக என் பிள்ளையை நீயும் ஓபல் அண்ணியும்தான் வளர்க்கிறீர்கள். எத்தனை பல் முளைத்திருக்கிறது? நிற்கிறாளா? இங்கே கூட இருக்கிற பெண்கள், "ஒம் பொண்ணு நடக்குதாடி?" என்று கேட்கிறார்கள். "ஓடவே ஓடுது" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கென்ன தெரியும், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன். நான் நம்பிப் போன டாய்ல் சொன்னான் என்று மூன்று தடவை டெட்ராய்ட் போய் அவனுடைய மெத் போதைப்பொருள் பொட்டலத்தைக் காரில் கொண்டுவந்தேன். மூன்றாவது தடவை மாட்டினேன். மத்திய அரசு போட்ட ஃபெடரல் வழக்கு என்பதால் குறைந்தது பத்து வருஷம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் ஒரு வழி இருக்கிறதாம். இதற்கு முன் எந்த வழக்கிலும் சிக்காத ஒருத்தி, தனக்குத் தெரிந்த உண்மை முழுவதையும் அரசுத் தரப்பிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டால், நீதிபதி பத்துக்குக் கீழே இறங்கலாம். டாய்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கோர்ட் எனக்கு வைத்துக்கொடுத்த வக்கீல் ப்ருயிட் அம்மா குடும்பத்தார் எழுதிய கடிதம் வேண்டும் என்கிறார். "ஒங்க அண்ணன் சபை மூப்பர், ஸ்கூல் பஸ் ஓட்டுறவர். அவர் எழுதினா ஜட்ஜ் உக்காந்து படிப்பாரும்மா" என்றார். ஒரு பக்கம் போதும் அண்ணா. என்னை நல்லவள் என்று எழுதச் சொல்லவில்லை. உன் தங்கை என்று எழுது.

டியூக் இன்னும் அதே குண்டுதானா? அதையும் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது, நாய் என்றாலும்.

ஷெல்பி


21 அக்டோபர் 2018

ஷெல்பி,

ஆறும் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் படித்தேன். பேனாவை எடுத்தால் வாய்க்கு வராத வார்த்தையெல்லாம் கைக்கு வந்தது, அதனால் மூடி வைத்துவிட்டேன்.

பல் ஆறு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். கோபம் வந்தால் உன்னைப் போலவே கீழுதட்டைப் பிதுக்குகிறாள். ஓபல் கேக் செய்தாள், அதில் பாதி தலைமயிரில்தான் போயிற்று.

நீ கடத்தினாய், அந்தக் கழிசடையோடு போய்ச் சேர்ந்தாய், அதையெல்லாம் ஆண்டவர் மன்னிக்கட்டும். ஆனால் ஐந்து மாதக் கைப்பிள்ளையைப் பின்சீட்டில் கட்டி வைத்துக்கொண்டு, அவளுடைய பால்மாவு டப்பாவுக்குள் அதை வைத்து ஓட்டிவந்தாயே. குழந்தையைக் கூட்டிவரப் போனபோது அந்த டப்பாவை போலீஸ்காரர் என்னிடம் காட்டினார். "கொழந்தைக்குப் பால் கரைக்க இதே டப்பாதானுங்களா?" என்று கேட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் நாற்பத்தாறு வயதில் அப்படிக் குறுகி நின்றதில்லை.

நீதிபதிக்கு நான் என்ன எழுதுவது? சபையில் எழுந்து நின்று ஜெபம் சொல்கிறவன் நான். என் கை பொய் எழுதாது.

டியூக் இளைத்துவிட்டது. அதற்கும் வயதாகிறது.

கார்லன்


4 நவம்பர் 2018

அன்புள்ள அண்ணா,

நீ திட்டியது முழுவதும் எனக்கு வர வேண்டியதுதான். ஆறு பல் என்று எழுதினாயே, அந்த வரியை மட்டும் கிழித்துத் தலையணைக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது புதுத் தலைவலி ஒன்று வந்திருக்கிறது. தண்டனைக்கு முன்னால் கோர்ட் ஆள் ஒருவர் என்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுவார். அது வந்துவிட்டது. என் போனிலிருந்து டாய்லுக்குப் போன பதினொரு செய்திகளை அதில் அச்சடித்திருக்கிறார்கள். "அண்ணனுக்கு ஒரு சட்டி ரொட்டி கொண்டுபோறேன்." பதினொன்றும் கிட்டத்தட்ட இதேதான். அதற்கு டாய்லின் பதில், "நல்லா மூடிக் கொண்டுபோ."

வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இதற்கு உரை எழுதியிருக்கிறார். ரொட்டி என்றால் மெத்தாம். ஒரு சட்டி என்றால் அரைக் கிலோவாம். ஆக மொத்தம் ஐந்தரைக் கிலோ, நான் டெட்ராய்டிலிருந்து கொண்டுவந்ததற்கு மேலே. நம் மலைக்காரன் ஒருவன் அந்த மேசையில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பான். ப்ருயிட் அம்மாவுக்கே நான்தான் விளக்க வேண்டியிருந்தது, அவர் சிகாகோக்காரர். மக்காச்சோள மாவு, மோர், முட்டை, இரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பைப் புகையக் காயவைத்து ஊற்றுவது என்று சொன்னேன். "சர்க்கரை எவ்ளோ?" என்றார். "சர்க்கரை போட்டா அது கேக்கும்மா" என்றேன்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. இந்தக் கணக்கு நின்றால் நூற்றைம்பத்தோரு மாதம். ஃபெடரல் கோர்ட்டில் வருஷம் பேசுவதில்லை, எல்லாம் மாதம்தான், கைக்குழந்தைக்கு வயது சொல்கிற மாதிரி.

ரொட்டியைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். இங்கே போகிற கடிதம், வருகிற கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். நீயும் எழுதாதே. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

ஷெல்பி


12 நவம்பர் 2018

ஷெல்பி,

நீதிபதிக்குக் கடிதம் எழுதி ப்ருயிட் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். அம்மா இறந்த வருஷம் நீ வேலையை விட்டுவிட்டு வந்து அவளைக் குளிப்பாட்டியது, வெள்ளம் வந்தபோது சபைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சமைத்தது எல்லாம் எழுதியிருக்கிறேன். என் தங்கை கொண்டுவந்தது ரொட்டிதான், அம்மாவின் சட்டியில் சுட்ட ரொட்டி, வேறொன்றும் இல்லை, பதினொன்றையும் நானே உட்கார்ந்து தின்றேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

இதோடு அந்தப் பேச்சு தீரட்டும். பனி விழ ஆரம்பித்துவிட்டது. வளைவுகளில் பஸ்ஸை ஊர்ந்துதான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஹேஸல் இரண்டு அடி வைத்தாள்.

கார்லன்


2 டிசம்பர் 2018

அண்ணா,

இதை ப்ருயிட் அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன், சிறையில் யாரும் பிரிக்க மாட்டார்கள். உன் கடிதத்தை கோர்ட்டில் கொடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கொடுத்தால் அரசுத் தரப்பு உன்னைக் கூண்டில் ஏற்றும். பைபிளில் கை வைக்கச் சொல்லிவிட்டுக் கேட்கும். கை பொய் எழுதாது என்றாயே. வாயும் சொல்லக்கூடாது, அதனால்தான்.

போன வாரம் என்னைக் கூப்பிட்டு மறுபடியும் உட்காரவைத்தார்கள். அரசு வக்கீல் ஒரு பெண், அவள் மோசமில்லை, தண்ணீர் கொடுத்தாள். "ரொட்டின்னா ரொட்டியாவே இருக்கட்டும். அதுகூட வேற என்ன இருந்துச்சு? நல்லா மூடிக் கொண்டுபோன்னு அவன் ஏன் சொன்னான்? ஒரே ஒரு கேள்விதான், சொல்லிட்டீங்கன்னா கதவு தெறந்துடும்" என்றாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழு உண்மை சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். கதவு சாத்தியாயிற்று. ஜனவரி பதினைந்து தண்டனை. பத்து வருஷத்துக்குக் குறையாது, கூடலாம்.

இருக்கட்டும். ஹேஸலுக்கு ஒரு வீடு வேண்டும். உன் பெயர் அந்த அறையில் வந்தால் உன் பஸ் போகும், சபை போகும், குழந்தை நல அதிகாரிகள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் முகம் தெரியாதவர்களிடம் விடுவார்கள். நான் பத்து வருஷம் உள்ளே இருந்தாலும் அவள் உன் சமையலறையில் வளர்வாள். அதை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருந்தால் அழுகிவிடும். பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டினாய் என்று எழுதினாயே. உன் வீட்டுக்கு ரொட்டி கொண்டுவந்த நாளெல்லாம் அவள் அதே பின்சீட்டில்தான் இருந்தாள். நீ வாசலுக்கு வந்து சட்டியைத்தான் வாங்கினாய். ஒரு நாளாவது குனிந்து பிள்ளையைப் பார்த்தாயா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஷெல்பி


17 டிசம்பர் 2018

ஷெல்பி,

இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஐயா, வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் படியுங்கள். வேண்டுமானால் ஒரு நகல் எடுத்து அரசு வக்கீலுக்கு அனுப்புங்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் சுரங்கத்தில் கூரைக்கல் சரிந்து என் இடுப்பு நொறுங்கியது. டாக்டர் வலி மாத்திரை எழுதினார், மூன்று வருஷம் எழுதினார். போன வருஷம் ஒரு நாள் அந்த மருத்துவமனையில் பூட்டுத் தொங்கியது. அதற்குள் வலி எது, மாத்திரை கேட்கிற உடம்பு எது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போயிருந்தது. டாய்லிடம் கிடைக்கும் என்று தெரியும். உன்னிடம் கேட்டேன். நீயாக வந்து கொடுக்கவில்லை, நான்தான் கேட்டேன். அப்போது ஹேஸல் உன் வயிற்றில் எட்டு மாதம்.

ஒவ்வொரு சட்டிக்கும் அடியில், அலுமினியத் தாளில் சுற்றி, இருபது மாத்திரை. ஓபல் கண்ணில் படக்கூடாது என்று அந்த ஏற்பாட்டைச் சொன்னதும் நான்தான். அதைப் போட்டுக்கொண்டு காலையில் நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி மலை வளைவில் பஸ் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஜெபம் சொன்னேன். நீ பிடிபட்ட அன்றைக்கு மாத்திரை நின்றது. நான் நிறுத்தவில்லை, கொண்டுவர ஆளில்லை, அவ்வளவுதான்.

நேற்று சாப்பாட்டு மேசையில் ஓபலிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "மார்ச்சுல ஒங்களுக்கு ஒரு ஃப்ளூ வந்துச்சே. பத்து நாள் போர்வையச் சுத்திக்கிட்டு வெடவெடன்னு நடுங்கினீங்களே. நான் கோழி சூப்பு வெச்சு ஸ்பூன்ல ஊட்டினேனே, அது அதானா?" என்றாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

ப்ருயிட் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். எனக்கென்று இன்னொரு வக்கீலை வைத்தார்கள். "வாயத் தெறந்தீங்கன்னா எல்லாம் போயிரும்ங்க" என்றார். "அதுக்குத்தாங்க வந்திருக்கேன்" என்றேன்.

பிள்ளையைக் குனிந்து பார்த்தாயா என்று கேட்டாய். ஒரு நாளும் பார்க்கவில்லை, ஷெல்பி. பதில் எழுத வேண்டாம் என்றாய், எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் அண்ணன்


20 ஜனவரி 2019

அன்புள்ள அண்ணா,

கோர்ட்டில் உன்னைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று காவலர் சொல்லிவிட்டார். கால் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு உன் குரலை மட்டும் கேட்டேன். இடுப்புவலிக்காரன், ஒரு மணி நேரம் நின்றாய். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாமே, ப்ருயிட் அம்மா சொன்னார்.

மாத்திரையைப் பற்றி நீ சொன்னபோது அரசு வக்கீல் நம்பவில்லை. தங்கையைக் காப்பாற்ற இப்போது கட்டிய கதை என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நீதிபதிக்கு முதலில் எழுதிய கடிதத்தில் வெறும் ரொட்டிதான் என்று பொய் எழுதியிருந்ததை நீயே சொல்லிவிட்டாய். அப்போதுதான் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அந்த ரொட்டிய என்ன பண்ணீங்க?"

தின்றேன் என்று சொல்லிவிடு அண்ணா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன், சத்தியமாக.

"நாய்க்குப் போட்டேங்க ஐயா."

"பதினொண்ணையுமா?"

"பதினொண்ணையும். ஒரு வாய்கூட திங்கலைங்க. எனக்கு அது வேண்டியிருக்கல."

அரசு வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். நீதிபதி அவளைப் பார்த்து, "காப்பாத்துறதுக்குப் பொய் சொல்றவன் இப்படி ஒரு பொய்யச் சொல்லமாட்டான்" என்றார். ஐந்தரைக் கிலோவைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். என்னை எழுப்பி, இதெல்லாம் உண்மையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தண்டனை அறிவிக்கும்வரை உண்மையைச் சொல்ல அவகாசம் இருக்கிறதாம், கதவு திறந்தது. எழுபது மாதம்.

எழுபது என்றபோது நான் அழவில்லை. நாய் என்றபோதே அழுது முடித்திருந்தேன்.

மாத்திரையை மறைக்க ஒரு பழைய டப்பா போதாதா? நீ எதுவுமே சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி போனில் வருத்தப்பட்டார்கள். அதனால்தான் சுட்டேன். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே அடுப்படியில் நின்று, கொழுப்பு புகையும்வரை காத்திருந்து, ஓரம் கருகாமல் எடுத்தேன். மாத்திரை கொடுக்கிற பாவத்துக்கு ரொட்டியையாவது நன்றாகக் கொடுப்போம் என்று நினைத்திருப்பேன் போல. டியூக் ஏன் அப்படிக் கொழுத்தது, ஏன் இளைத்தது என்று இப்போதுதான் புரிகிறது, பாவி மகனே.

உன்மேல் கோபம் இருக்கிறது. நன்றியும் இருக்கிறது. இரண்டையும் இப்போதைக்குத் தனித்தனியாகப் பிரிக்க வரவில்லை.

இதுவரை இருந்தது பத்து மாதம். ஒழுங்காக இருந்தால் இன்னொரு பத்து கழியுமாம். மிச்சம் ஐம்பது. என் பெண்ணுக்கு இப்போது பதினைந்து மாதம். கூட்டிப் பார்த்துக்கொள்.

வேலை என்ன ஆயிற்று? குழந்தை யாரிடம் இருக்கிறது? மறைக்காமல் எழுது.

ஷெல்பி


17 மார்ச் 2019

அன்புள்ள ஷெல்பி,

எழுதத் தாமதமானதற்குக் காரணம், எல்லாம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று பார்த்தேன்.

பஸ் சாவியைத் தீர்ப்புக்கு மறுநாளே வாங்கிக்கொண்டார்கள். சரியான காரியம். சபையில் மூப்பர் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்காருகிறேன். முன்வரிசையில் இருந்தவரை தெரியவில்லை, பின்னால் நிறைய பேர் பாட்டு நேரத்தில் தூங்குகிறார்கள். என்மேல் வழக்குப் போடவில்லை. மரக்கடையில் பலகை எண்ணும் வேலை, உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

ஹேஸல் ஓபலிடம்தான் இருக்கிறாள். பயப்படாதே. குழந்தை நல அதிகாரி இரண்டு தடவை வந்தார். கண்டிப்பான பெண். ஆறு மாதம் என் ரத்தப் பரிசோதனை சுத்தமாக வர வேண்டும், அதுவரை குழந்தை தூங்கும் வீட்டில் நான் தூங்கக்கூடாது என்றார். அதனால் கொல்லையில் நிற்கிற, படுக்கை வைத்த கேம்பர் வண்டியில் படுத்துக்கொள்கிறேன். பகலில் ஓபல் கூட இருந்தால் குழந்தையைப் பார்க்கலாம். ஓபல் இப்போது கொஞ்சம் பேசுகிறாள், பெரும்பாலும் திட்டுகிறாள். இரண்டு பரிசோதனை முடிந்தது, இரண்டும் சுத்தம்.

உன் வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் சட்டியை எடுத்து வந்திருந்தேன். போன ஞாயிறு அதைப் பரணிலிருந்து இறக்கினேன். மாவு, மோர், முட்டை, கொழுப்பு எல்லாம் நீ எழுதியபடி. முதல் சட்டி ஓரம் முழுக்கக் கருகிவிட்டது. கொழுப்பு புகைவதற்கும் எரிவதற்கும் நடுவே இவ்வளவு கொஞ்ச நேரம்தான் இருக்கிறதா? இரண்டாவது தேறியது. "அம்மா கைமணம் இல்ல, ஆனா வாய்ல வெக்கலாம்" என்றாள் ஓபல். நான் கால்வாசி தின்றேன். ஹேஸல் என் மடியில் உட்கார்ந்து என் கையிலிருந்ததைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். டியூக் பழக்கதோஷத்தில் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு துண்டும் போடவில்லை.

அவளுக்கு இப்போது பதினேழு மாதம். பல் பன்னிரண்டு. நடப்பதில்லை, ஓடுகிறாள், நீ அங்கே சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

கூட்டிப் பார்க்கச் சொன்னாயே, பார்த்தேன். நீ வரும்போது அறுபத்தைந்து மாதம். அந்த ஆகஸ்டில் பள்ளிக்கூட பஸ் நம் வீட்டு வளைவில் வந்து நிற்கும். அதை ஓட்டுகிறவன் நானாக இருக்க மாட்டேன். பரவாயில்லை. கையைப் பிடித்துப் படியேற்றிவிட நீ இருப்பாய்.

மதியத்துக்கு ரொட்டி நான் சுட்டுக் கட்டித் தருகிறேன். அடியில் ஒன்றும் இருக்காது.

உன் அண்ணன்
கார்லன்